கரிசல் காட்டு ஓட்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஓட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், வெளியூர் நண்பர்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "அங்கே என்ன ஐயா, ஜாதியைப் பார்த்துப் போடுவார்கள்!" இது பாதி உண்மை. பாதி உண்மைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மீதிப் பாதி வந்து உட்கார அது இடம் கொடுக்காது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் பருத்தி, கம்பு, சோளம். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட சீமையில் ஏழைக்குச் சொந்தமென்று மிஞ்சுவது மரியாதை ஒன்றுதான். ஓட்டு என்று ஒன்று வந்தபோது, அதையும் மரியாதைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

முதல் கணக்கு 1937-இல். சொத்தோ, வரியோ, படிப்போ உள்ளவருக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. இராமநாதபுரம் ராஜாவை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்றார் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். தலைமுறை தலைமுறையாகச் சேதுபதிகளுக்குக் கைகட்டி நின்ற சீமை அல்லவா? ஆனாலும் ராஜா தோற்றார். ராஜாவும் மறவர்; தேவரும் மறவர். ஜாதிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவை விளக்குங்கள் பார்க்கலாம்!

வியாபாரிகளின் கதை வேறு மாதிரி. விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி நாடார் கடைவீதிகள் ஒரு காலத்தில் ஜஸ்டிஸ் கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தன. அக்கட்சியின் பெரிய புள்ளிகளில் ஒருவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். விருதுநகரில் பிறந்த காமராஜ் காங்கிரஸில் உயர உயர, கடைவீதி மெல்ல மெல்லக் கதர்ப் பக்கம் திரும்பிற்று. "அதுவும் ஜாதிதானே?" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் 1967-இல் அதே விருதுநகர்த் தொகுதிதான் காமராஜை 1,285 ஓட்டில் தோற்கடித்தது. வென்றவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர்.

இன்னொரு விந்தை. 1952-இல் அருப்புக்கோட்டை பாராளுமன்றத் தொகுதி ஃபார்வர்ட் பிளாக் தலைவரான தேவரைத் தேர்ந்தெடுத்தது. 1962-இல் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தது. அதே 1962-இல் பக்கத்துச் சாத்தூர், முதலமைச்சர் காமராஜைச் சட்டசபைக்கு அனுப்பிற்று. அரசியலில் நேருக்கு நேர் நின்ற இருவர். இருவருக்கும் ஓட்டுப் போட்டது ஒரே வெயில் காய்ந்த சீமை!

இனி வருவது எழுதக் கை தயங்கும் பகுதி. ஓட்டை ரகசியமாகப் போடவேண்டும் என்பது மனிதன் வெகு தாமதமாகக் கற்ற பாடம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-இல் அது சட்டமாயிற்று. இங்கிலாந்துக்கே 1872-இல்தான் வந்தது. நமக்கோ முதல் பொதுத் தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின்மேல் சின்னம், பெட்டிக்கு முன்னால் ஒரு மறைப்பு. எந்த மனிதன் எந்தப் பெட்டியில் போட்டான் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தெரு எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்!

1957 ஜூலையில், திருச்சுழியை அடுத்த முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் நடந்தது. மறவர்களில் பெரும்பாலோர் ஃபார்வர்ட் பிளாக் பக்கம். தேவேந்திரர்களில் பெரும்பாலோர் காங்கிரஸ் பக்கம். ஃபார்வர்ட் பிளாக் வென்றது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஊர்களுக்கிடையே மோதல் மூண்டது. செப்டம்பர் 10-இல் கலெக்டர் சமாதானக் கூட்டம் கூட்டினார். மறுநாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். செப்டம்பர் 14-இல் கீழத்தூவலில் போலீஸ் குண்டுக்கு ஐந்து மறவர்கள் பலியானார்கள். தீ, தாலுகா எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கமும் பரவிற்று. கொலை வழக்கில் சிக்கவைக்கப்பட்டிருந்த தேவரை 1959-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. எரிந்த வீடுகளுக்கும் போன உயிர்களுக்கும் எந்தத் தீர்ப்பு விடுதலை தரும்?

இவ்வளவுக்கும் பிறகு இந்தச் சீமை உறைந்து நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். 1977-இல் அருப்புக்கோட்டை தேர்ந்தெடுத்த எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர், மலையாளக் குடும்பத்தவர், ஊரில் அவருக்கென்று ஒரு தெருவும் கிடையாது. அந்த ஊரின் உறுப்பினராகவே முதன்முறை முதலமைச்சரானார். பிற்பாடு 2011-இல் அருப்புக்கோட்டை அ.தி.மு.க.வுக்குப் போயிற்று, 2016-இலும் 2021-இலும் தி.மு.க.வுக்குத் திரும்பிற்று. பக்கத்துத் திருச்சுழியோ அந்த மூன்று தடவையும் தங்கம் தென்னரசு என்ற ஒருவரையே தேர்ந்தெடுத்தது. ஒரே மழை, ஒரே வெயில். மனம் மட்டும் ஒன்றல்ல.

மறைப்புக்குள்ளே போகிற மனிதனுக்கு ஜாதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது அவனோடுதான் உள்ளே போகிறது. ஆனால் அவன் வீட்டுக் கடன், வற்றிய கண்மாய், என்றோ ஒருநாள் பட்ட அவமானம் எல்லாமும் கூடவே போகின்றன. எது கையைப் பிடித்து நடத்துகிறது என்பதை ராஜாவாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, பெருந்தலைவராலும் முடியவில்லை. அந்த அரை நிமிஷ மறைவுதான் இந்த வறண்ட சீமை கண்ட பெரிய சொத்து. ஓட்டுச் சாவடியில் அதைப் போலீஸ் காக்கும். சாவடியைவிட்டு வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரன்தான் காக்கவேண்டும்.