தந்தியில் வந்த டாக்டர் வேலை

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம்மூர் எம்.பி.பி.எஸ். மாதிரிதான். முடித்த கையோடு போர்டு மாட்டிவிட முடியாது. ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி பயிற்சி பெற வேண்டும். அதற்கு ஆள் எடுப்பதில் நடந்த கூத்து இருக்கிறதே, அது தனிக்கதை.

1940களில் அங்கே இன்டர்ன்ஷிப் இடங்கள் அதிகம், மாணவர்கள் குறைவு. நல்ல மாணவனை அடுத்தவன் கொத்திக்கொண்டு போகுமுன் நாம் பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குள் போட்டி. 1944 வாக்கில் படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே இடம் கொடுத்தார்கள். பாதிப் படிப்பில் இருப்பவனை எதை வைத்து எடை போடுவது?

1945ல் கல்லூரிகள் விழித்துக்கொண்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன் மதிப்பெண்ணோ சிபாரிசுக் கடிதமோ வெளியே தரக்கூடாது என்று முடிவெடுத்தன. அவசரம் போகவில்லை, இடம்தான் மாறியது. பதில் சொல்ல 10 நாள் என்றிருந்த அவகாசம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது. 1949ல் 12 மணி நேரம்கூட அதிகம் என்றது மருத்துவமனைகள் தரப்பு. தந்தி வந்தால் உடனே சரி சொல்ல வேண்டும்.

1952ல் 'மேட்ச்' வந்தது. இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்கும், பொருத்துவது பொது அமைப்பின் வேலை. முதலில் போட்ட கணக்கு, ஆசைப்பட்ட இடத்தை முதலில் எழுதிய மாணவனுக்கே பாதகமாக இருந்தது. 1951ல் மாணவர்கள் எதிர்த்து அதை மாற்ற வைத்தார்கள். 1998 முதல் விண்ணப்பிப்பவர் பக்கம் சாயும் கணக்கு. அதை வடிவமைத்த ஆல்வின் ராத்துக்கும், இந்த வகைப் பொருத்தத்துக்குக் கணிதம் எழுதிய லாயிட் ஷேப்லிக்கும் 2012ல் பொருளாதார நோபல்.

பொருத்தம் சரி. பட்டியலில் யாரை மேலே வைப்பது? அங்கேதான் சிக்கல். 'ஸ்டெப் 1' உரிமத்துக்கான தேர்வு. அதன் மூன்று இலக்க மதிப்பெண்ணை மருத்துவமனைகள் சல்லடையாக்கிக்கொண்டன. 2022 ஜனவரியில் அதை வெறும் பாஸ்/ஃபெயில் ஆக்கினார்கள். உடனே எல்லார் கண்ணும் இன்னும் எண் தருகிற 'ஸ்டெப் 2' மேல் போனது.

இங்கே புனேயில் கடன் மனுக்களோடு மாரடிக்கும் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கிரெடிட் ஸ்கோர் 780 என்றால் பழைய கடனை ஒழுங்காகக் கட்டியவர் என்று அர்த்தம். புதுக் கடை ஓடுமா என்று அது சொல்லாது. ஆனால் மேஜையில் நூறு ஃபைல் குவிந்தால் கை முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். ஒரு எண்ணை மறைத்தால் இன்னொன்றைத் தேடும். ஃபைலைத் திறந்து படிக்க நேரமும் ஆளும் கொடுக்காதவரை, எந்தச் சீர்திருத்தமும் சல்லடையைத்தான் மாற்றும்.