நோவின் மொழியைக் கற்ற உளவியலாளர்

நோவு எத்துறைக்குரிய ஆய்வுப்பொருள் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிதும் எழுப்பப்படவில்லை. டேக்கார்ட் இறந்த பின்னர் 1664இல் வெளிவந்த நூலிற் காணப்படும் விளக்கமே நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது. கயிற்றின் ஒரு முனையை இழுக்க மறுமுனையில் மணி ஒலிப்பதுபோல, தோலிற் பட்ட தீ நரம்புவழியே மூளையில் நோவை எழுப்பும் என்பது அதன் சாரம். காயத்தின் அளவே நோவின் அளவு என்றாகிவிடவே, அது உடற்றொழிலியலாளரின் தனியுடைமையாயிற்று. நோயாளியின் சொல்லுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இந்நிலை மாறிய வரலாற்றை எழுதுவோர் கோட்பாடுகளையே முதன்மைப்படுத்துவர். அக்கோட்பாடுகளுக்கு முன்னர் ஒருவர் பெற்ற பயிற்சியே எமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது.

மொன்றியலிற் பிறந்த றொனால்ட் மெல்சாக் உளவியல் மாணவர். மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப்பிடம் கலாநிதிப்பட்ட ஆய்வு செய்தவர். குட்டிப்பருவந் தொட்டுத் தனிமையில் அடைத்து வளர்க்கப்பட்ட நாய்கள், எரியும் தீக்குச்சியில் மூக்கைச் சுட்டுக்கொண்ட பின்னரும் அதனை மீண்டும் மீண்டும் மோப்பம் பிடிக்கச் சென்றமையை அவர் கண்டார். கயிறு அறுபடவில்லை, ஆயினும் மணி முறையாக ஒலிக்கவில்லை.

1954இற் பட்டம் பெற்ற மெல்சாக், போட்லன்ட் நகரிலிருந்த ஒறிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குச் சென்று வில்லியம் லிவிங்ஸ்ரனிடம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பயின்றார். லிவிங்ஸ்ரன் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். காயம் ஆறிய பின்னரும் நீடிக்கும் நோவுக்கு முண்ணாணுக்குள்ளே விளக்கம் தேடி 1943இல் நூலொன்றை வெளியிட்டவர். அவரிடம் வந்த உளவியலாளர் ஆய்வுகூடத்திலே பூனைகளின் மூளைத்தண்டை ஆராய்ந்தார். சிகிச்சை நிலையத்திலே நோயாளர் பேசுவதைக் கேட்டிருந்தார். பின்னதன் பயனே பெரிது என்பது எமது துணிபு. நீரிழிவினால் உறுப்பிழந்த மூதாட்டி ஒருவர், இல்லாத உறுப்பில் தாம் உற்ற எரிவையும் பிற வேதனைகளையும் வெவ்வேறு சொற்களால் விவரித்தார். மெல்சாக் அவற்றைக் குறித்துவைக்கத் தொடங்கினார். கலாநிதிப் பட்டம் பெற்றவர் பிறிதொரு துறையின் வாயிலில் மீண்டும் மாணாக்கராய் நிற்பது எளிதன்று. பல்கலைக்கழகச் சூழலில் வாழ்வோர் இதனை நன்கறிவர்.

1959இல் மெல்சாக் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் சேர்ந்தார். அங்கே ஒக்ஸ்போட்டிற் பயின்ற மருத்துவரும் நரம்பியல் ஆய்வாளருமான பற்றிக் வோலின் நட்பு வாய்த்தது. 1965இல் இருவரும் 'சயன்ஸ்' இதழில் வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கையை வெளியிட்டனர். முண்ணாணில் நோவுச்செய்தியைத் தடுக்கவோ விடுக்கவோ வல்ல ஒரு வாயில் உண்டென்றும், அதனை மூளையும் ஆளுகின்றதென்றும் அவர்கள் வாதிட்டனர். அவர்கள் வரைந்த நரம்பிணைப்புகளிற் சில பின்னர் பிழையென நிறுவப்பட்டன. ஆயினும் அச்சமும் கவனமும் முன்னனுபவமும் நோவின் ஆக்கக்கூறுகள் என்பதை அதன்பின் எவரும் புறக்கணிக்க இயலவில்லை.

மயக்கமருந்தியல் நிபுணர் ஜோன் பொனிக்கா 1973இல் பல துறையினரையும் வொஷிங்ரன் மாநிலத்தின் இசக்குவாவிற் கூட்டினார். அதன் விளைவாக எழுந்த சர்வதேசச் சங்கத்தின் ஆய்விதழ், வோலை ஆசிரியராகக் கொண்டு 1975இல் வெளிவரத் தொடங்கியது.

அதே ஆண்டில் அவ்விதழிலேயே மெல்சாக்கின் மக்கில் நோவு வினாக்கொத்து வெளியாயிற்று. போட்லன்டிற் குறிக்கத் தொடங்கிய சொற்கள் இருபதாண்டுகளின் பின் 20 தொகுதிகளில் 78 சொற்களாக ஒழுங்குபெற்றன. நோயாளி தெரிந்தெடுக்கும் சொல்லுக்கு ஓர் எண்மதிப்புக் கிடைத்தது. குத்து, கடுப்பு, எரிவு, உளைவு எனப் பகுத்துரைக்கும் எமது பேச்சுவழக்கில் வளர்ந்தோருக்குச் சொற்பட்டியல் வியப்பளிக்காது. அச்சொற்கள் அறிவியற் சான்றாக ஏற்கப்பட்டமையே புதுமை. ஆனால் அத்தொகுதிகள் ஆங்கிலம் பேசுவோரின் தீர்ப்பைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், இரவிலே தாய் தன் காலைப் பிடித்தபடி சொல்லும் 'உளைவு' எந்தத் தொகுதியில் விழும், அதற்கு என்ன எண் இடுவது என்பதைத் தமிழ் நோயாளரிடமே கேட்டறிதல் வேண்டும்.