வில்லும் டயரும்

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் நெடுஞ்சாலை பெரும்பாலும் சமதளமானது. போடிமெட்டு ஏறி மூணாற்றுக்கும், குமுளி ஏறித் தேக்கடிக்கும் செல்லும் இடுக்கிச் சாலைகளோ வளைவுகள் நிரம்பியவை. சமவெளியில் அம்பெனப் பாயும் கார் மலைவளைவில் தடுமாறுவதை அவ்வழியே ஊர் திரும்பும் நாம் கண்டதுண்டு. வேகத்தைத் தருவது எஞ்சின். அவ்வேகத்தை வளைவில் காப்பவை வில்லும் டயருமே. இவ்வுண்மை எல்லைக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரின் பந்தய வரலாற்றில் நன்கு விளங்குகிறது.

நம் முன்னோர் ஏறிச் சென்ற வில்வண்டியின் வில், பயணிகளின் உடல் நோகாமல் காத்தது. பந்தயக் காரின் வில்லுக்குரிய பணி வேறு. கார் திரும்புங்கால் பாரம் வெளிப்புறச் சக்கரங்களின்மீது சாய்கிறது. உட்புறச் சக்கரங்களின் பிடி தளர்கிறது. டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே! ஆகவே, காரைத் தாழ்வாக அமைத்து, விறைப்பான சுருள்வில்லும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் பொருத்துகின்றனர். அகன்ற, மிருதுவான ரப்பர் டயர்களைப் பூட்டுகின்றனர். ஆயினும் அளவு மீறலாகாது. வில் மிக விறைத்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டெழும். ரப்பர் மிக மிருதுவானால் விரைவில் தேயும்.

சென்னையில் மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தோன்றியது. சோழவரத்து விமானத்தளம் பல்லாண்டுக் காலம் பந்தயக் களமாக விளங்கியது. அந்நாளில் தேர்ந்த ஓட்டுநர்களுள் ஒருவர் கோவை சு. கரிவரதன். அவர் 796 கன சென்டிமீட்டர் மாருதி எஞ்சினைக் கொண்டு, ஒற்றை இருக்கையுள்ள 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை வடிவமைத்தார். எஞ்சின் சிறிதாயின் நேர்ப்பாதையில் முந்துதல் அரிது. வளைவில் வேகத்தை இழவாதவனே வெல்வான். ஆதலின் அக்கார் இளைஞர்க்கு நல்ல பள்ளியாயிற்று. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத்தளம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அப்பள்ளியில் பயின்றவர் கோவையின் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் டயரே முடிவுரைத்தது. சரிவாக அமைந்த வளைவொன்றின் அழுத்தத்தை மிஷெலின் டயர்கள் தாங்கா என்பது பயிற்சியின்போதே தெரிந்தது. எனவே, அவற்றைப் பூண்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட 6 கார்களே ஓடின. நாராயண் நான்காவதாக வந்து, அப்பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார்.

உலகின் ஆற்றல் மிக்க எஞ்சின்கள் அன்று டயரின் பொருட்டுக் கூடத்தில் முடங்கின. பந்தயக் களத்துக்கு உரிய இப்பாடம் மலைச்சாலைக்கும் உரியதே. மழைக்காலத்தில் போடிமெட்டோ குமுளியோ ஏறுமுன், எஞ்சினை நோக்கும் நாம் டயரின் தேய்வையும் வில்லின் நிலையையும் ஒருமுறை நோக்குவோமாக.