கூலி என்னும் சொல்

தங்கவயலில் வாழும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் சொற்களுள் ஒன்று 'கூலி'. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். அதன் பின்னர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறினர். அவர்கள் குடியிருந்த வரிசைகளை ஆங்கிலேயர் 'கூலி லைன்' என்றனர். நம்மவரோ உழைப்புக்குக் கிடைத்த ஊதியத்தையே கூலி என்றனர். சொல் ஒன்றே. ஆயின் அது ஒருவர் வாயில் மனிதனைக் குறித்தது; மற்றவர் வாயில் அம்மனிதனுக்குச் சேரவேண்டியதைக் குறித்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஊழ் கைவிட்ட இடத்தும் முயற்சி உடல் வருத்தத்திற்கேற்ற பயனைத் தரும் என 619ஆம் குறளில் உரைக்கும் வள்ளுவர், அப்பயனைக் 'கூலி' என்றே குறிக்கிறார். நம் இனமொழிகளாகிய கன்னடத்திலும் தெலுங்கிலும் இச்சொல்லுக்கு ஊதியம் என்னும் பொருள் உண்டு. சிங்களத்தில் 'குலி' என்பது வாடகையையும் குறிக்கும்.

கடல் கடந்தபோது பொருள் மாறிற்று. ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் கூலி என்பவன் சுமை தூக்கும் ஆள். இதன் மூலம் தமிழ்ச் சொல்லே என்பார் சிலர். குசராத்தின் கோலி இனப்பெயர் என்பார் வேறு சிலர். தென்னாப்பிரிக்காவில் அது இழிசொல்லாகவே ஆயிற்று. அங்கு வழக்காடிய காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றனர். சீனரோ இவ்வொலியை எழுதத் தேர்ந்த இரண்டு எழுத்துகளுள் முன்னது கசப்பு, துன்பம் என்றும், பின்னது வலிமை என்றும் பொருள்படும். ஒலிக்காக அமைந்த எழுத்துகளே ஓர் உழைப்பாளியின் வாழ்வைச் சொல்லிவிட்டன!

ஒலி ஒத்தவை எல்லாம் உறவுடையவை அல்ல. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை. பின்லாந்து மொழியில் 'கூலி' என்றால் 'கேட்டான்' என்று பொருள். செருமானியப் பேச்சு வழக்கில் 'கூலி' என்பது பந்துமுனைப் பேனா. அது அம்மொழியிலுள்ள நீண்ட பெயரொன்றின் சுருக்கம். நாள்தோறும் அலுவலகத்தில் பேனா பிடிக்கும் நமக்கு இஃது ஒரு வேடிக்கையே. இத்தகைய தற்செயல் ஒப்புமைகளைக் கொண்டு வரலாறு புனைதல் தகாது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 2016ஆம் ஆண்டின் இரயில்வே வரவு செலவுத் திட்டம், நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்னாது 'சகாயக்' என அழைக்கலாம் என்றது. அது நன்றே. எனினும் நாம் இச்சொல்லுக்காக நாணவேண்டுவதில்லை. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்று பொன் எடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அவர்களைக் கூலி என்று அழைத்தது அயலார் வழக்கு. அவர்களுக்குக் கூலி உரியது என்பது தமிழ் வழக்கு. நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டாவது பொருளை முதலில் கற்பிப்போமாக.