வாத்தியாரும் யந்திரமும்

கல்லூரி வாத்தியாருக்குப் போட்டியாக யந்திரம் வந்துவிட்டதாக எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ இது பழைய கதையாகவே படுகிறது. 1960-ம் வருஷமே அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் டொனால்டு பிட்ஸர் என்ற என்ஜினீயர் யந்திரத்தைப் பாடம் நடத்த வைத்தார். அந்த ஏற்பாட்டுக்குக் கிரேக்க ஞானியின் பெயர்: பிளேட்டோ. மாணவர் திரையில் பாடம் பார்ப்பார். விசையைத் தட்டி விடை சொல்வார். சரியா, தப்பா என்று யந்திரம் தீர்ப்புக் கூறும். பாடமும் கேள்வியும் வாத்தியார் முன்கூட்டி எழுதி வைத்தவை. விடை மட்டும் மாணவருடையது.

2020-ல் கொரோனா வந்தது. பல கல்லூரிகளில் வகுப்பு பாதி வீட்டிலும் பாதி கட்டடத்திலுமாகப் பிரிந்தது. 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியாயிற்று. இது விடையையே எழுதிக் கொடுக்கிறது! வாத்தியார் கையிலிருக்கும் கட்டுரை யாருடையது என்பதே இப்போது சந்தேகம்.

தடை போட்டுப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் யந்திரத்தோடு எழுதட்டும். கல்லூரிக்கு வருகிற நாளில் வாத்தியார் தாளை மடித்து வைத்துவிட்டு, "இதை ஏன் இப்படி எழுதினாய், தம்பி?" என்று கேட்கட்டும். அப்போது அந்தப் பிள்ளை திக்கித் திணறிச் சொல்கிற நாலு வார்த்தை இருக்கிறதே, அதுதான் படிப்பு.