பன்றிக்குட்டியின் தட்டில் சோயா வந்த கதை

பன்றி எதைப் போட்டாலும் தின்னும் என்பார்கள். வளர்ந்த பன்றிக்கு வேண்டுமானால் அது சரி. பால் மறந்த குட்டிக்கு அது பொருந்தாது. மூன்று நான்கு வாரம் தாய்ப்பால் குடித்த வயிறு ஒரே நாளில் தானியத்துக்கு மாறினால் கழிச்சல் வரும், குட்டி மெலியும், சாகவும் செய்யும். குட்டிக்கு எந்தப் புரதம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடவே ஒரு நூற்றாண்டு ஆனது.

அந்தக் காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எட்டு வாரம் வரை குட்டி தாயிடமே இருந்தது. பிறகு வெண்ணெய் எடுத்த பால், மீன் தூள், இறைச்சிக் கழிவுத் தூள் இவைதான். மக்காச்சோளம் மட்டும் போதாது. அதில் புரதம் சுமார் 8 சதவீதம்தான், அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் மிகக் குறைவு. லைசின் நிறைந்த சோயா அந்தக் குறையைத் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் பச்சை சோயாவைத் தின்ற விலங்குகள் வளரவில்லை!

1917ல் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளுக்கு வேகவைத்த சோயாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன. காரணம் தெரிய மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் ஒரு பொருள் சோயாவில் இருக்கிறது. 1945ல் குனிட்ஸ் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சூடு அதை அழித்துவிடும். ஆனால் அதிகமாகச் சுட்டால் லைசினும் கெட்டுவிடும். அடுப்பில் வைத்த கை பதமாக இருக்க வேண்டிய வேலை இது.

முழு சோயாவுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அதிலுள்ள எண்ணெய் பன்றிக் கொழுப்பை இளக்கிவிடும். இறைச்சி கொழகொழவென்று இருந்ததால் வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். கரைப்பான் கொண்டு எண்ணெயைப் பிரித்த பிறகு இதற்குத் தீர்வு கிடைத்தது. மிச்சமுள்ள கரைப்பானை ஓட்ட புண்ணாக்கைச் சூடுபடுத்தியே ஆக வேண்டும், அந்தச் சூடே டிரிப்சின் தடுப்பானையும் ஒழித்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அப்படியும் விலங்குப் புரதம் கொஞ்சம் சேர்க்காவிட்டால் பன்றி சரியாக வளரவில்லை. ஏதோ மர்மப் பொருள் என்றார்கள். 1948ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12 வைட்டமின் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டபோது மர்மம் விலகியது. தாவரத்தில் அது கிடையாது, அவ்வளவுதான்.

மற்ற புண்ணாக்குகளின் கதை வேறு. பருத்திக்கொட்டையில் காஸிபால் என்ற நஞ்சு, அதை மாடு ஓரளவு தாங்கும், பன்றி தாங்காது. கடலைப் புண்ணாக்கின் பெயர் 1960ல் இங்கிலாந்தில் கெட்டது. பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அஃப்ளடாக்சின். அதற்கு பன்றிக்குட்டியும் எளிதில் பலியாகும். கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீடில் காரமான குளுக்கோசினோலேட்டும் எரூசிக் அமிலமும் இருந்தன. இரண்டும் குறைந்த முதல் ரகத்தைக் கனடாவில் 1974ல் வெளியிட்டார்கள். அந்த வகைக்குப் பின்னர் கனோலா என்று பெயர் வந்தது.

சோயாவின் ஆட்சியை உறுதி செய்தது ஒரு மீன். பெருவின் நெத்திலிப் பிடிப்பு 1972-73ல் சரிந்து மீன் தூள் தட்டுப்பாடானது. எல்லோரும் சோயாவைத் தேடி ஓட, விலை ஏறியது. 1973 ஜூனில் அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டார். தடை நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆனால் அதிர்ந்துபோன ஜப்பான் பிரேசிலின் செராடோ புல்வெளியில் சோயா விளைவிக்கப் பணம் போட்டது. பின்னாளில் பிரேசில் அமெரிக்காவையே முந்தியது.

இத்தனைக்குப் பிறகும் குட்டியின் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. சோயாவின் சேமிப்புப் புரதங்கள் பால் மறந்த குட்டியின் குடலில் ஒவ்வாமையைத் தூண்டி, குடலுறிஞ்சிகளைக் குட்டையாக்குகின்றன என்று 1980களில் தெரியவந்தது. சோயாவிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் சர்க்கரைகளும் செரிக்காமல் பெருங்குடலில் நொதிக்கும். அதனால் முதல் தீவனத்தில் சாதாரண சோயாவைக் குறைத்து, சர்க்கரை நீக்கிய சோயா செறிவு, நொதிக்கவைத்த சோயா, உருளைக்கிழங்குப் புரதம் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். இவை விலை அதிகம். கழிச்சலைத் தடுக்க ஐரோப்பாவில் துத்தநாக ஆக்சைடையும் மருந்தாக நிறையக் கொடுத்து வந்தார்கள். அந்த மருந்தளவு 2022 ஜூனில் அங்கே நின்றுபோனது. அதிலிருந்து அந்நாட்டுப் பண்ணைகளில் எந்தப் புரதம், எவ்வளவு என்ற பழைய கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.