செக்: ஆட்டப் பலகையிலிருந்து வங்கிக்கு

வங்கியில் கொடுப்பது செக். கணக்கைச் சரிபார்த்தாலும் செக், கட்டம் போட்ட சட்டையும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். ஆங்கிலம் வழியாகத் தமிழ்ப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட இந்த நான்கும் ஒரே சொல்தான். அதன் வேர் பாரசீகத்தின் 'ஷா', அதாவது அரசன்.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிராளியின் ராஜா தாக்குதலில் சிக்கும்போது 'ஷா' என்று குரல் கொடுப்பது ஆட்ட மரபு. அந்தக் குரல் இடைக்கால லத்தீனையும் பழைய பிரெஞ்சையும் கடந்து இங்கிலாந்தில் 'செக்' ஆயிற்று. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. 'ஷா மாத்' என்பது செக்மேட். 'மாத்' என்பதற்கு 'இறந்தான்' என்ற அரபிப் பொருளைப் பலரும் சொல்வதுண்டு. ராஜாவை வெட்டாமலே முடிகிற ஆட்டத்துக்கு, 'செய்வதறியாது நின்றான்' என்ற பாரசீகப் பொருளே பொருத்தமாகப் படுகிறது.

ஆட்டப் பலகைக்கும் அரசுக் கஜானாவுக்கும் முடிச்சு விழுந்தது 12ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்து அரசின் வரவுசெலவை முதலாம் ஹென்றி காலம் முதல் ஒரு மேசைமேல் கணக்கிட்டார்கள். 10 அடி நீளம், 5 அடி அகலம். காசுகள் உருண்டு விழாதபடி நான்கு விரற்கடை உயரத்தில் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி. பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்திகளில் வில்லைகளை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் எழுதத் தொடங்கிய நூலில் இதையெல்லாம் விவரிக்கிறார். மேசை சதுரங்கப் பலகை போலிருந்ததால் அத்துறைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது என்பது அவர் விளக்கம். பொக்கிஷதாரரும் வரி செலுத்த வந்த மாவட்ட அதிகாரியான ஷெரிஃபும் எதிரெதிரே மோதும் ஆட்டம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். வரி கட்டி வந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்தத் துணி இன்றும் விரிந்தே கிடக்கிறது.

வங்கிச் செக் இங்கிருந்துதான் வந்தது என்று சொல்வது எளிது; ஆனால் பொருள் வந்த தடம் வேறு. செக் விழுந்தால் ராஜா நினைத்தபடி நகர முடியாது. அதனால் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் 'தடை', 'கட்டுப்பாடு' என்ற பொருள்கள் ஏற்பட்டன. தவறைத் தடுக்கச் சோதிப்பதும் பின்னர் செக் ஆனது. லண்டனில் கிளேட்டன், மோரிஸ் என்ற வங்கியாளர்கள்மீது 1659இல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட தாள் இன்றும் இருக்கிறது. நாம் அதைச் செக் என்கிறோம், அன்று அதற்கு அந்தப் பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றது பணத்தாளை அல்ல, மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையை. அடிக்கட்டையின் பெயர் பிறகு தாளுக்கே ஒட்டிக்கொண்டது.

கஜானா கொடுத்தது எழுத்தை மட்டுமே. 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லின் சாயலில் பிரிட்டிஷார் வங்கிச் செக்கைக் 'கியூ' போட்டு எழுதினார்கள். அமெரிக்கர்கள் பழைய 'கே'யை விடவில்லை. இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் எழுத்தையே எடுத்துக்கொண்டது.